லெந்து நாட்களில் கிறிஸ்துவின் பாடுகளை வாசித்துத் தியானிக்க: முதல் முறை உட்காருகிறவர்களுக்கு

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள்தான் லெந்து. இரண்டு வருடம் தொடர்ந்து அந்த நாட்களில் இந்த வாசிப்பை ஆரம்பித்துப் பாதியில் விட்டவன் நான். முதல் வருடம் போனில் ஒரு வாசிப்புத் திட்டத்தைத் திறந்துவைத்து ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் என்று ஓடினேன், பன்னிரண்டாம் நாளோடு நின்றுபோனது. இரண்டாம் வருடம் வேதாகமத்தை ஒரு வாரத்தில் மூடிவிட்டு, காலையில் போனுக்கு வரும் தியானச் செய்திகளை மட்டும் வாசித்தேன். சாட்டையைப் பற்றியும் ஆணியைப் பற்றியும் உருக்கமாக எழுதியிருந்தார்கள், நானும் அழுதேன். அந்தப் பெரிய வெள்ளியன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "இயேசப்பா கடவுள்தானே? அப்புறம் ஏன் சிலுவையில தாகமா இருக்குன்னு சொன்னாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை நாள் அவருடைய வலியைப் பற்றி வாசித்திருந்தேன், வலிப்பது யாருக்கு என்பதை ஒரு நாளும் நின்று யோசிக்கவில்லை.

மூன்றாம் வருடம்தான் முறையாக உட்கார்ந்தேன், நாற்பது நாளும் முடித்தேன். எப்படி என்பதை எழுதிவைக்கிறேன். சபைக்குப் புதிதாக வந்தவர்கள், வேதாகமத்தைத் திறந்தே பழக்கமில்லாதவர்கள், வேறு மதத்தில் இருந்துகொண்டு இயேசுவைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், யாராக இருந்தாலும் இதைப் பயன்படுத்தலாம்.

1. முதலில் நாட்களைக் கணக்குப் போடுங்கள்

சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். நாற்பது என்கிறார்களே என்று குழம்ப வேண்டாம், நடுவில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தொடக்கத்தில் புதன் முதல் சனி வரை நான்கு நாள், அப்புறம் ஆறு வாரம், வாரத்துக்கு ஆறு நாள். கத்தோலிக்கர்கள் தவக்காலம், திருநீற்றுப் புதன் என்பார்கள், தேதி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமையை இந்த வாசிப்பிலிருந்து விட்டுவிடுவது நல்லது. வாரத்தில் ஒரு நாள் தவறினால் அதை ஞாயிறன்று சரிக்கட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு நாள் இடைவெளி இல்லாததால்தான் முதல் வருடம் எனக்கு எல்லாம் சரிந்தது. இரண்டு நாள் விட்டுப்போனதும் ஒன்பது அதிகாரம் பாக்கி நின்றது, அதைப் பார்த்ததுமே மனம் விட்டுப்போயிற்று.

2. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

ஒரு வேதாகமம், ஒரு 100 பக்க நோட்டு, ஒரு பென்சில். இவ்வளவுதான்.

சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் பெரும்பாலும் கையில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. அதோடு 1995-ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். பழையதில் ஓசை இருக்கிறது, சத்தமாக வாசித்தால் நெஞ்சில் தங்குகிறது. புதியதில் அர்த்தம் சட்டென்று புரிகிறது. இரண்டையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை, ஒன்று அச்சில் இருந்தால் இன்னொன்றைப் போனில் இலவசமாகவே வாசிக்கலாம். ஆனால் முதன்மையாக வாசிப்பது அச்சுப் புத்தகமாக இருக்கட்டும். போனைத் திறந்தால் வாசிப்பதற்குள் நாலு செய்தி வந்து நிற்கும்.

சாதாரண அட்டை போட்ட வேதாகமம் சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். தோல் உறை, ஜிப், பொன்னிற ஓரம் என்று போகப்போக விலை ஏறும், வாசிப்புக்கு அவை எதுவும் தேவையில்லை. கூடுதலாகச் செலவு செய்வதானால் பெரிய எழுத்துப் பதிப்புக்குச் செய்யுங்கள், விடிகாலை வெளிச்சத்தில் கண் வலிக்காது. நோட்டும் பென்சிலும் சேர்த்து எனக்கு அறுபது ரூபாய் ஆனது.

தியானப் புத்தகங்களை முதல் வருடம் வாங்காதீர்கள். அவை கெட்டவை என்று சொல்லவில்லை. சுவிசேஷத்தை (இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு புத்தகங்கள்) நீங்களே ஒரு முறை மெதுவாக வாசித்து முடிக்கும் முன்னால் இன்னொருவருடைய கண்ணீர் உங்கள் கண்ணுக்கும் வசனத்துக்கும் நடுவில் வந்து நின்றுவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது.

3. எந்தப் பகுதியை எந்த நாள்

நான்கு சுவிசேஷங்களிலும் கெத்செமனே தோட்டம், கைது, விசாரணை, சிலுவை, அடக்கம் வரும் அதிகாரங்கள்: மத்தேயு 26, 27, மாற்கு 14, 15, லூக்கா 22, 23, யோவான் 18, 19. எல்லாம் சேர்த்து 469 வசனம். முதல் முறை நான்கையும் வாசிக்க வேண்டாம். மத்தேயுவும் மாற்கும் பெரும்பாலும் ஒரே தடத்தில் போவதால் மாற்கு, லூக்கா, யோவான் போதும்.

முதல் நான்கு நாள், பாடுபடப்போகிறவர் யார் என்பதற்கு. புதன் யோவான் 1:1-14 (அதாவது 1-ஆம் அதிகாரம், 1 முதல் 14 வரை வசனங்கள்), வியாழன் கொலோசெயர் 1:15-20, வெள்ளி பிலிப்பியர் 2:5-11, சனி ஏசாயா 52:13 முதல் 53:12 வரை. இந்த நான்கு நாளைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று என்று வாசித்துவிட்டு வருகிறவருக்குத்தான், அந்த அவரைக் கட்டி இழுத்துப்போகும்போது என்ன நடக்கிறது என்று உறைக்கும்.

முதல் வாரம் மாற்கு 14: 1-11, 12-21, 22-31, 32-42, 43-52, 53-65. இரண்டாம் வாரம் மாற்கு 14:66-72, பிறகு 15-ல் 1-15, 16-20, 21-32, 33-39, 40-47.

மூன்றாம் வாரம் லூக்கா 22: 1-13, 14-23, 24-38, 39-46, 47-53, 54-62. நான்காம் வாரம் லூக்கா 22:63-71, பிறகு 23-ல் 1-12, 13-25, 26-34, 35-43, 44-56.

ஐந்தாம் வாரம் யோவான்: 18:1-11, 12-27, 28-40, பிறகு 19:1-16, 17-30, 31-42.

ஆறாவது வாரம்தான் ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரம், அதைக் கடைசியில் சொல்கிறேன். மத்தேயுவை மொத்தமாக விட மனமில்லாதவர்கள், நான்கு சுவிசேஷங்களில் அதில் மட்டும் வரும் துண்டுகளை ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கலாம்: இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் முடிவு (27:3-10), ரோம ஆளுநர் பிலாத்துவின் மனைவி கண்ட கனவு (27:19), பிலாத்து கை கழுவுவது (27:24-25), கல்லறைக்குக் காவல் வைப்பது (27:62-66).

4. ஒரு நாள் உட்காரும் முறை

இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். காலையா இரவா என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் ஐந்தரை மணிக்குத் தண்ணீர் மோட்டார் போடுவதற்கு முன்னால்தான் அமைதி, அதனால் ஐந்து மணி. நேரம் எதுவானாலும் இடத்தை மாற்றாதீர்கள். ஒரே நாற்காலி, ஒரே மூலை.

முதலில் பகுதியை வாய்விட்டு வாசியுங்கள். பாதிரியார் வாசிக்கும் குரல் வேண்டாம், கடிதம் படித்துக்காட்டுவதுபோல வாசித்தால் போதும். அப்புறம் மௌனமாக இன்னொரு முறை. இந்த இரண்டாவது வாசிப்பில் பென்சில் கையில் இருக்கட்டும், எந்த இடத்தில் கண் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. அதன்பிறகு பத்து நிமிடம் எதுவும் வாசிக்காமல் அந்த ஒரு வரியோடு இருங்கள். முதல் வாரம் இந்தப் பத்து நிமிடம் மிகவும் நீளமாகத் தெரியும், மனம் அலுவலகத்துக்கும் கேஸ் புக்கிங்குக்கும் ஓடும், ஓடினால் மறுபடி அந்த வரியை மெல்லச் சொல்லித் திரும்பி வாருங்கள், அதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். பிறகு ஐந்து நிமிடம் எழுதுங்கள், கடைசியில் அவரிடமே இரண்டு வாக்கியம் பேசுங்கள்.

அழுகை வராவிட்டால் தியானம் சரியில்லை என்று நினைக்காதீர்கள். நான் நாற்பது நாளில் அழுதது இரண்டே நாள்.

5. நோட்டில் இரண்டு பத்தி

இதுதான் எனக்கு வழி திறந்த இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் 'பாடு', வலப்பக்கம் 'தேவத்துவம்', அதாவது கடவுள்தன்மை. அன்றைய பகுதியில் அவருக்குச் செய்யப்பட்டதும் அவர் அனுபவித்ததும் இடப்பக்கம். அவர் யார் என்று காட்டிக்கொடுக்கும் சொல், செயல், அதிகாரம் எல்லாம் வலப்பக்கம். எழுதும்போது வசன எண்ணையும் போடுங்கள்.

யோவான் 18:1-11 வாசித்த அன்று என் பக்கம் இப்படி இருந்தது. இடப்பக்கம்: இரவு, தோட்டம், பந்தங்களும் ஆயுதங்களும், காட்டிக்கொடுக்கிறவன் கூடவே நிற்கிறான். வலப்பக்கம்: தமக்கு நேரிடப்போகிறதெல்லாம் அறிந்திருந்தார் (4), "நான்தான்" என்றார், வந்தவர்கள் பின்னிட்டுத் தரையிலே விழுந்தார்கள் (6). யாத்திராகமம் 3:14-ல் எரியும் முட்செடியிலிருந்து மோசே கேட்ட "இருக்கிறவராக இருக்கிறேன்" என்ற பெயரின் எதிரொலி இந்த "நான்தான்"-இல் இருக்கிறது என்று எங்கள் ஆயர் பின்னால் விளக்கினார். கைது செய்ய வந்தவர்கள் விழுந்து கிடக்கிறார்கள், அவர் ஓடவில்லை, எழுந்து வந்து கட்டும்வரை நிற்கிறார். லூக்காவில் இதே இடத்தில் வெட்டுப்பட்ட வேலைக்காரனுடைய காதைத் தொட்டுச் சுகமாக்குகிறார் (22:51). கட்டப்படப்போகிற கை கடைசியாகச் செய்த வேலை அது.

நாட்கள் போகப்போக, எந்தப் பக்கம் எழுதுவது என்றே தெரியாத வசனங்கள் வரும். அவற்றை நடுக்கோட்டின் மேலேயே எழுதுங்கள். எனக்கு அப்படி வந்த முதல் வசனம் யோவான் 19:28. எல்லாம் முடிந்தது என்று இயேசு அறிந்து, வேதவாக்கியம் நிறைவேறத்தக்கதாக, "தாகமாயிருக்கிறேன்" என்றார். எல்லாம் அறிந்தவர் என்பதும் நாக்கு வறண்டவர் என்பதும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது, யோவான் அதைப் பிரிக்கவில்லை. என் மகள் கேட்ட கேள்விக்கு நேராக நின்ற வசனம் அதுதான்.

அன்று பென்சிலை வைத்துவிட்டு யோவான் 4-ஐத் திருப்பினேன். சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் "தாகத்துக்குத் தா" என்று கேட்டவரும் இவர்தான், கேட்ட கையோடு இனி ஒருக்காலும் தாகம் உண்டாகாத தண்ணீரைத் தருவேன் என்று சொன்னவரும் இவர்தான். அங்கே ஏறக்குறைய ஆறாம் மணி வேளை என்று எழுதியிருக்கிறது (4:6). பிலாத்து அவரை ஜனங்களுக்கு முன் நிறுத்தும்போதும் ஏறக்குறைய ஆறு மணி (19:14). அதே உச்சிவெயில். இரண்டு பகுதியையும் அன்று மாலை மகளிடம் வாசித்துக் காட்டினேன். நான் விளக்கம் சொல்ல ஆரம்பிக்கும் முன் அவள் கேட்டாள்: "அப்போ அவருக்கு யாருமே நல்ல தண்ணி குடுக்கலையா அப்பா?" இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

6. பழைய மொழிபெயர்ப்பில் இடறும் இடங்கள்

மணிக்கணக்கை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். ஆறாம் மணி என்பது சாயங்காலம் ஆறு அல்ல. சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுகிறார்கள். மூன்றாம் மணி நம் காலை ஒன்பது, ஆறாம் மணி நண்பகல், ஒன்பதாம் மணி பிற்பகல் மூன்று. சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி என்று மாற்கு எழுதுகிறார் (15:25), யோவானோ ஏறக்குறைய ஆறு மணிக்கு இயேசுவை இன்னும் பிலாத்துவின் முன்னேதான் நிறுத்துகிறார். இதற்குப் பலர் பலவிதமாக விளக்கம் சொல்கிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்து ஆயரிடம் கேளுங்கள், அன்றைய தியானத்தை இந்தக் கணக்கில் செலவழித்துவிடாதீர்கள்.

சொற்கள்: கடற்காளான் என்றால் காளான் அல்ல, தண்ணீரை உறிஞ்சும் பஞ்சு போன்ற கடற்பொருள். காடி என்பது புளித்துப்போன திராட்சை ரசம். நூற்றுக்கு அதிபதி ரோமப் படையில் ஏறக்குறைய நூறு வீரர்களுக்குத் தலைவன். தேசாதிபதி பிலாத்து, ரோம ஆளுநர். தேவதூஷணம் கடவுளை அவமதித்துப் பேசுவது. கபாலஸ்தலம் கொல்கொதா என்ற பெயரின் பொருள், மண்டையோட்டு இடம்.

இன்னொன்று. லூக்கா 22:43-44, 23:34 போன்ற இடங்களில் சில பதிப்புகள் அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ போட்டிருக்கும். பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அந்த வரிகள் இல்லை என்பதற்கான குறிப்பு அது. பதற வேண்டியதில்லை, வாசியுங்கள்.

7. கவனமாக இருக்க வேண்டியவை

போனில் சுற்றும் செய்திகளில் வரும் எண்களை நம்பிவிடாதீர்கள். இயேசுவுக்கு 39 அடி விழுந்தது என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நான்கு சுவிசேஷத்தையும் தேடிப்பாருங்கள், எத்தனை அடி என்று எங்குமே இல்லை. ஒன்று குறைய நாற்பது அடி என்பது அப்போஸ்தலர் பவுல் தான் பட்டதைப் பற்றி எழுதியது (2 கொரிந்தியர் 11:24). அதேபோல, சிலுவைப்பாதையில் அவர் மூன்று முறை விழுவதும் வெரோனிக்காள் என்ற பெண் அவர் முகம் துடைப்பதும் பக்தி மரபில் வந்தவை, சுவிசேஷத்தில் இல்லை. ஜெபிக்கும்போது அவை உதவலாம், நோட்டில் எழுதும்போது மட்டும் தனியாகக் குறியுங்கள்.

யோவானில் 'யூதர்கள்' என்று திரும்பத் திரும்ப வரும். அதை ஒரு இனத்தின் மேல் போடும் பழியாக வாசிக்காதீர்கள். பல இடங்களில் அது அன்றைய தலைவர்களைக் குறிக்கிறது. இயேசுவும் அவர் தாயும் சீஷர்களும் யூதர்கள்தான், சிலுவையில் அறைந்தவர்கள் ரோமப் போர்ச்சேவகர்.

இதை எழுதாமல் விட முடியாது. வீட்டில் அடிபடும் பெண்ணிடம் "ஆண்டவரே பாடுபட்டார், நீயும் சிலுவையைச் சும" என்று சொல்லுகிறவர்கள் நம் சபைகளில் உண்டு. யோவான் 10:18-ஐ வாசியுங்கள். தம் ஜீவனை ஒருவனும் தம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, தாமே கொடுக்கிறதாகச் சொல்கிறார். தாமே கொடுத்த அதிகாரமுள்ளவருடைய பாட்டைக் காட்டி, தப்பிக்க வழியில்லாதவரை இன்னும் அடிபடச் சொல்வது வேதத்தைத் திரிப்பது. நீங்கள் அந்த நிலையில் இருந்தால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், வாசிப்பு காத்திருக்கும்.

சமீபத்தில் மரணத்தைப் பார்த்த வீடு என்றால் மாற்கு 15-ஐத் தனியாக வாசிக்க வேண்டாம், யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். உபவாசம் இருப்பவர்கள் சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுத்தால் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.

8. பரிசுத்த வாரம்

திங்கள் சங்கீதம் 22. 'என் தேவனே, என் தேவனே' என்ற சிலுவைக் கதறல் இந்தச் சங்கீதத்தின் முதல் வரி. முதல் வரியோடு நிறுத்தாமல் 31 வசனத்தையும் வாசியுங்கள், அது முடிகிற இடம் வேறு. செவ்வாய் எபிரெயர் 2:14-18, புதன் எபிரெயர் 4:14 முதல் 5:9 வரை. பெரிய வியாழன் யோவான் 13:1-17. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று அறிந்தவர் அந்தக் கையால் செய்தது சீஷர்களின் கால் கழுவியது. உங்கள் நோட்டின் நடுக்கோட்டில் இதுவும் வரும்.

பெரிய வெள்ளியன்று பல சபைகளில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி நேர தியானம் நடக்கும், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். போகும் முன் காலையில் அவற்றை, சுவிசேஷத்தில் அவை இருக்கும் இடத்திலேயே ஒரு முறை வாசித்துவிடுங்கள்: லூக்கா 23:34, 23:43, யோவான் 19:26-27, மாற்கு 15:34, யோவான் 19:28, 19:30, லூக்கா 23:46. ஏழும் ஒரே சுவிசேஷத்தில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. வெயில் நேரம், கூட்டம் அதிகம், பதினொன்றரைக்கே போனால் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும்.

சனிக்கிழமை மாற்கு 15:42-47 மட்டும் மறுபடி. கல் புரட்டி வைத்தாயிற்று. அன்று எதுவும் எழுத வேண்டாம்.

9. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு

ஈஸ்டரோடு நோட்டை மூடிவிடாதீர்கள், ஒரு பக்கம் மிச்சம் வைத்திருங்கள். அடுத்த ஞாயிறு யோவான் 20:24-29.

சிலுவையில் அறையும் இடத்தை நீங்கள் மூன்று சுவிசேஷத்தில் வாசித்திருப்பீர்கள். அங்கே ஆணி என்ற சொல் வந்ததா என்று திருப்பிப் பாருங்கள். அறைந்தார்கள் என்பதோடு நகர்ந்துவிடுகிறார்கள், ஆணியும் இல்லை, சுத்தியலும் இல்லை. அந்த ஆணி முதல் முதலாகச் சீஷர் தோமாவின் வாயில்தான் வருகிறது, அவருடைய கைகளில் ஆணிகளினால் உண்டான காயத்தைப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்து அந்தக் காயங்களுக்கு முன்னால் நின்று அதே வாய் சொல்கிறது: "என் ஆண்டவரே! என் தேவனே!" இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை, கோட்டின் மேல் பெரிதாக எழுதினேன்.

தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. 2028-ல் மார்ச் 1, ஏப்ரல் 16. வேதாகமமும் நோட்டும் ஜனவரிக்குள் கையில் இருக்கட்டும், முதல் புதனுக்கு முந்தைய இரவே யோவான் 1-ல் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டுப் படுங்கள்.